ரிசல்ட் வராத ஆறு நாள்

2020 செப்டம்பர் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு ஒச்சாயி வீட்டை விட்டுப் போனார். கையில் ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் சோப்பும் கொஞ்சம் அரிசியும். தோளில் கம்பெனி பெயர் அச்சடித்த துணிப்பை. அவருடைய மகள் நதியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றாள். கதவைத் திறக்கக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. வாசலில் கிடந்த செருப்பைக்கூட ஒச்சாயி காலால் தள்ளித்தான் மாட்டினார்.

"முட்டைய மறந்துராத. விடிய விடிய முழிச்சுக்கிட்டுக் கெடக்காத."

"எத்தனை நாளும்மா?"

"ரிசல்ட் வரட்டும்."

சத்தம் கேட்டு யாரும் எழுந்துவிடக் கூடாதே என்று நான் ஸ்கூட்டரைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போயிருந்தேன். திருப்பூரை அடுத்த முதலிபாளையத்துக்கு இந்தப் பக்கம் ஒரே வரிசையில் எட்டு வீடு உள்ள லைன் வீடு எங்களுடையது. ஐந்தாவது வீட்டில் ஒச்சாயி பன்னிரண்டு வருடமாகக் குடியிருந்தார். ஆறு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு, அந்த மார்ச்சில் கடைசி விமானங்களில் ஒன்றைப் பிடித்து நான் வீடு வந்து சேர்ந்திருந்தேன். வந்த நாளிலிருந்து எட்டு வீட்டுக்கும் மருந்து வாங்குவது, மளிகை வாங்குவது என்று ஏதாவது சாக்கில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அன்றைக்கு என் பையில் இருந்தது எங்கள் தோட்டத்துச் சாளையின் சாவி. பண்ணையத்துக்கு ஆள் இருந்த காலத்தில் அவர்கள் தங்கிய ஒற்றை அறை அது. இப்போது அங்கே யாரும் இல்லை.

காரணம் இதுதான். ஒச்சாயி வேலை செய்த பனியன் கம்பெனியில் அவரோடு ஒரே மேசையில் நிற்பவர் ராமாத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ராமாத்தாளுக்குக் கொரோனா உறுதி என்று செய்தி வந்தது. கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் திங்கட்கிழமை முகாமுக்கு வந்து சளி மாதிரி கொடுக்க வேண்டும் என்று கம்பெனிக்கு உத்தரவு. ஒச்சாயிக்கும் உறுதியானால் வீட்டு வாசலில் தகரம் அடிப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் பதினான்கு நாளைக்கு வெளியே வர முடியாது. நதியாவுக்கு நீட் தேர்வு அடுத்த ஞாயிறு, பதின்மூன்றாம் தேதி. மே மாதத்திலிருந்து ஜூலைக்கும், ஜூலையிலிருந்து செப்டம்பருக்கும் தள்ளிப்போன தேர்வு. இன்னொரு முறை தள்ளப்போவதில்லை என்பது உறுதியாகிவிட்டிருந்தது.

"பாப்பா, உங்க தோட்டத்துல ஆளில்லாத ரூமு ஒண்ணு இருக்குமே?" என்று சனிக்கிழமை இரவு ஒச்சாயி போனில் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. உறுதியானாலும் சாளை விலாசத்தில் உறுதியாகட்டும், மகள் இருக்கும் வீட்டில் தகரம் விழாது என்று நினைக்கிறார். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது.

எங்கள் அம்மா ரங்காத்தாள் மத்தியானமே பிடித்துவிட்டார்.

"ஏங் கண்ணு, அஞ்சாம் ஊட்டுக்காரி எங்க போனா? காத்தாலயிருந்து ஆளையே காணோம்."

"ஊருக்குப் போயிருக்காங்கம்மா. சொந்தத்துல ஒரு துக்கம்."

"வெளியூரு பஸ்ஸே நாளைக்குத்தான் உடறாங்கன்னு டிவியில சொல்றான். இவ எதுல போனா?"

"சரக்கு வண்டில போயிருக்காங்க."

"எழவுக்குச் சரக்கு வண்டியில போறவள இப்பத்தான் கேக்கறேன். அதுவும் பரிச்ச எழுதற புள்ளயத் தனியா உட்டுப்போட்டு."

ஒச்சாயியின் வேலையைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கணவர் மொக்கைச்சாமியோடு 2007இல் திருப்பூர் வந்தவர் அவர். மொக்கைச்சாமி டெய்லர். இடுப்பு வலியில் உட்கார முடியாமல் போய், 2018இல் ஊரோடு போய் ஆடு வளர்க்கத் தொடங்கினார். ஒச்சாயி பிசிறு வெட்டும் வேலையில் சேர்ந்து, செக்கிங்குக்குப் போய், கடைசியில் நீடில் மிஷினில் நின்றார். அந்தக் கம்பெனியில் தைப்பது கைக்குழந்தைகளின் சட்டைகள். தைக்கும்போது ஊசி முறிந்தால் ஒரு துணுக்கு தையலுக்குள்ளேயே தங்கிவிடலாம். அதனால் பெட்டியில் அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு சட்டையும் ஒரு பெல்ட்டில் ஏறி மிஷினுக்குள் போய் வர வேண்டும். இரும்பு இருந்தால் மிஷின் கத்திக்கொண்டு நின்றுவிடும்.

மிஷினையும் சோதிக்க வேண்டும். மணிக்கு ஒரு முறை, கடுகளவு இரும்புக் குண்டு பதித்த அட்டையைப் பெல்ட்டில் விடுவார்கள். கத்தினால் நோட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கத்தாவிட்டால், கடைசியாக அது கத்திய நேரத்துக்குப் பிறகு உள்ளே போன அத்தனை சட்டையும் ஹோல்டு. சிவப்புக் கூடையில் தனி மேசையில் வைத்து, மிஷினைச் சரிசெய்து, ஒன்று விடாமல் திரும்ப விட வேண்டும். பல இடங்களில் இந்த நோட்டைச் சாயங்காலம் மொத்தமாக நிரப்பிவிடுவார்களாம். ஒச்சாயி அப்படிச் செய்ததில்லை. ஒரு முறை லாரி வாசலில் நிற்கும்போது அட்டை கத்தவில்லை என்று அறுநூறு சட்டையைப் பெட்டி பிரிக்க வைத்தார். முதலாளி தனபால் "ஏனுங், உங்களுக்கு என்ன கிறுக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். மூன்றாவது பெட்டியில் ஒரு சட்டையின் கழுத்துப் பட்டியில் ஊசி முனை இருந்தது. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் வாயைக் கொடுப்பதில்லை. கேலி மட்டும் ஓயவில்லை.

"ஒச்சாயி புருசனையும் பெல்ட்டுல ஏத்தி எறக்கித்தான் கட்டியிருப்பா" என்பார் ராமாத்தாள்.

"அன்னைக்குன்னு மிஷினு ரிப்பேரு" என்பார் ஒச்சாயி.

திங்கட்கிழமை அவர் முகாமுக்கு நடந்தே போய் மாதிரி கொடுத்தார். விலாசத்துக்குச் சாளையைச் சொன்னார். ரிசல்ட் இரண்டு நாளில் வரும், உறுதியானால் போன் வரும், இல்லையென்றால் வராது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த இரண்டு நாள் நதியா வீட்டின் சத்தம் முழுக்க எனக்குக் கேட்டது. எங்கள் வீட்டுப் பின்சுவர்தான் அவர்களுடைய பின்சுவரும். என்னுடைய லேப்டாப்பில் பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். திடீரென்று வாசிக்கும் சத்தம் நின்றுவிடும். எங்கள் வாசலுக்கு வந்து பத்தடி தள்ளி நின்று கேட்பாள்.

"அக்கா, தெர்மாமீட்டர் தர்றீங்களா?"

"இப்பத்தானே பார்த்தே, அரைமணி நேரம்கூட ஆகலை."

"காது சுடுதுங்க்கா."

தேர்வு மைய வாசலில் 99.4க்கு மேல் காட்டக் கூடாது என்பது விதி. அவளுக்கு 98.2, 98.6, 98.4. ஒரு முறை அடுப்பருகே நின்றுவிட்டு வந்து பார்த்ததில் 99.1 காட்ட, முகம் வெளுத்துவிட்டது. மூன்றாம் வீட்டு நாச்சிமுத்து, விஷயம் என்னவென்று தெரியாமலேயே, "பயமா இருந்தா காத்தால ஒரு பாராசிட்டமால் போட்டுட்டுப் போ கண்ணு, பூராப் பேரும் அப்படித்தான் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை போன் வரவில்லை. நல்லது என்று நானும் நதியாவும் நினைத்தோம். நான் சோறு கொண்டுபோய்ச் சாளைக்குப் பக்கத்து மோட்டார் ரூம் திட்டில் வைத்துவிட்டு விலகி நின்றேன். ஒச்சாயி வந்து எடுத்துத் திறந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு மூடினார்.

"பாப்பா, கொழம்புல உப்புப் போட்டியா?"

"போட்டேனுங்க்கா."

"எனக்குத் தெரியல. புளிப்பும் தெரியல. அவகிட்டச் சொல்லிராத."

நான் நதியாவிடம் சொல்லவில்லை. அன்றிரவு நானும் என் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

வியாழக்கிழமை ஒச்சாயி யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். ஊரே சுகாதார ஆய்வாளரின் நம்பரைப் பார்த்தால் போனை எடுக்காமல் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இவர் அவருக்குப் போன் போட்டார். ஒரு முறை இல்லை, நான்கு முறை. ஐந்தாவது முறை அவர் எடுத்தார். இதை ஒச்சாயியே என்னிடம் சொன்னார்.

"எம் பேருல ரிசல்ட்டு என்ன ஆச்சுங்க சார்?"

"லேப்லயிருந்து இன்னும் வரலைம்மா. நெறைய நிலுவை கெடக்குது. வந்தாச் சொல்லுவோம்."

"வரலைன்னா இல்லைன்னு அர்த்தமா, பாக்கலைன்னு அர்த்தமா?"

"பாக்கலைன்னு அர்த்தம். ஊட்டுல எத்தன பேரு நீங்க?"

"நான் தனியாத் தோட்டத்துல கெடக்கேன் சார். மக ஒருத்தி வீட்டுல. ஞாயித்துக்கெழம டாக்டர் பரீட்சை எழுதப் போகுது."

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: "ரிசல்ட் வராம நான் ஒண்ணும் எழுத முடியாதும்மா. வந்துட்டா எழுதாம இருக்கவும் முடியாது. இனி எனக்குப் போன் பண்ணாதீங்க. புரியுதுங்களா?"

தேர்வு முடியும் வரை இவர்களைக் கண்டுகொள்ளாமல் விடப்பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த மனிதரை வாழ்த்தினேன். ஒச்சாயிக்கும் புரிந்துதான் இருந்தது. "செக் பண்ண வேண்டிய ஆளே செக் பண்ணாதங்குறாரு பாப்பா" என்றார். சாயங்காலம் இன்னொரு முறை போன் போட்டார். நல்லவேளை, அவர் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நதியா ஹால் டிக்கெட்டை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்தாள். அதோடு ஓர் உறுதிமொழிப் படிவம். கடந்த பதினான்கு நாளில் காய்ச்சலோ இருமலோ இல்லை, கொரோனா உறுதியான யாரோடும் நெருங்கிப் பழகவில்லை என்று தேர்வு எழுதுபவர் சொல்ல வேண்டும். கீழே பெற்றோர் கையெழுத்து. இருவரும் சாளைக்குப் போனோம். ஒச்சாயி அறை வாசலில் உட்கார்ந்தார். நாங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஐந்து நாளில் அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் படிவத்தைத் தமிழில் சொன்னேன். கேட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வருவார் என்று பேனாவோடு நின்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"நான் ராமாத்தாகூட ஒரே டேபிளு. இவ எங்கூட ஒரே பாயி."

"உனக்கு வரலைல்லம்மா?" என்றாள் நதியா. "வராதவரைக்கும் நீ உறுதியான ஆளு கெடையாது. இதுல பொய்யே இல்ல."

"ரிசல்ட்டு வரலைன்னா எனக்கு இல்லைன்னு ஆயிருமா?"

"போன் வரலைன்னா ஒண்ணுமில்லைன்னுதானுங்க்கா ஊரே சொல்லுது" என்றேன் நான்.

"மிஷினு கத்தலைன்னா ஊசி இல்லைன்னு அர்த்தமில்ல பாப்பா. மிஷினு ஓடலைன்னாலும் கத்தாது."

நதியா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் என்ன சட்டையாம்மா? பன்னெண்டு வருசமாச் சட்டையப் பாத்துப் பாத்து உனக்கு மனுசங்களே தெரியல. ஒரு வருசம் போயிரும்மா. ஒரு வருசம்!"

"உன்னையத்தான் பாக்கேன். நீ போய் உக்காருற ரூமுல இன்னும் எத்தனை பிள்ளைக? அதுகளுக்கும் ஒரு ஆத்தா இருப்பால்ல?"

நதியா அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். உசிலம்பட்டிப் பக்கத்து ஆடுகள் முதலில் பேசின. பிறகு மொக்கைச்சாமி.

"ஏம்புள்ள, போட்டுத் தொலையேன் கையெழுத்த. அவனவன் என்னென்னத்தையோ பண்ணிட்டுப் போறான்."

"நீ ஆட்டப் பாரு" என்றார் ஒச்சாயி.

"நான் வேணா அங்கன வந்து போடுறேன். அப்பனும் பெத்தவந்தானே?"

"வா. வந்து இவகூட ஒரே வீட்டுல இருந்துட்டு அப்பறம் போடு. தெரியாமப் போடுறதுக்குப் பேரு கையெழுத்தா?"

போன் அடங்கியது. அப்போதுதான் ஒச்சாயி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீயும் என்னைய என்னமோ நெனச்சிருக்க போலயே பாப்பா. நான் ஒளிஞ்சுக்கிறதுக்கு இங்கிட்டு வரல. என்னையத் தாண்டி ஒண்ணும் போயிரக் கூடாதுன்னு வந்தேன். அஞ்சு நாளு பிந்திட்டேன். ராமாத்தா இருமுன அன்னைக்கே வந்திருக்கணும்."

எனக்கு அவர் மேல் கடுங்கோபம் வந்தது. இத்தனை நேர்மையைத் தாங்க இந்த வீட்டில் வசதி இல்லை என்று தோன்றியது. திரும்பி வரும் வழியில் நதியா படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையெழுத்தை நானே போட்டுவிடுகிறேன் என்று அவளிடம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஒச்சாயி போன் செய்தார். ரிசல்ட் வரவில்லை.

"பாப்பா, பரீட்சை நடக்குற எடத்துல ஹோல்டு டேபிளு மாதிரி ஏதாச்சும் உண்டா?"

"புரியலைங்க்கா."

"சந்தேகமான ஆளு வந்தா என்ன பண்ணுவாக? தனியா வைக்க எடம் இருக்கா, தொரத்தி விட்டுருவாகளா?"

தேர்வு விதிமுறைகளைத் திறந்து படித்தேன். வாசலில் காய்ச்சல் இருப்பவர்களைத் தனி அறையில் உட்கார வைத்து எழுத விடுவார்கள் என்று இருந்தது.

"இருக்குதுங்க்கா. தனி ரூம்."

"அங்கன எழுதினா மார்க்கு கொறைப்பாகளா?"

"மாட்டாங்க."

"அப்பக் கொண்டா. ஆனா கேட்டுலயே சொல்லிரணும். எங்கம்மாவுக்கு ரிசல்ட்டு நிக்கிது, என்னையத் தனியா உக்கார வைங்கன்னு இவ வாயால சொல்லணும். சொல்றேன்னா போடுறேன்."

காய்ச்சல் உள்ளவர்களுக்குத்தான் அந்த அறை. அம்மாவுக்கு ரிசல்ட் வரவில்லை என்று சொல்கிறவர்களை என்ன செய்வார்கள் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. இதை நான் ஒச்சாயியிடம் சொல்லவில்லை. நதியாவிடம் சொன்னேன்.

"சொன்னதும் வீட்டுக்கு அனுப்பிட்டா?"

"தெரியல நதியா."

அவள் படிவத்தை முதலிலிருந்து இன்னொரு முறை படித்தாள். பிறகு, "சரிங்க்கா, சொல்றேன்னு சொல்லுங்க" என்றாள்.

படிவத்தைத் தொட்டித் திண்டில் வைத்துக் கல் பாரம் ஏற்றிவிட்டு விலகினேன். ஒச்சாயி சானிடைசர் தடவி, கை உலரும் வரை காற்றில் ஆட்டி, பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பக்கத்திலேயே 11.20 என்று நேரத்தையும் போட்டார். பழக்க தோஷம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். ரிசல்ட் வரவில்லை. திருப்பூரில் அந்த வருடம் தேர்வு மையம் கிடையாது, கோவைக்குத்தான் போக வேண்டும். பல்லடம், சூலூர் என்று ஒவ்வோர் ஊர் தாண்டும்போதும் நதியா என் தோளைத் தட்டி, "போன் அடிச்சுதாங்க்கா?" என்றாள். என் போன் அவள் மடியில்தான் இருந்தது.

மையம் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி. வாசலுக்கு முன்னால் சுண்ணாம்பு வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு பிள்ளை. வெயில். ஒரு தாய் மகளின் முழுக்கைச் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் மகளின் மூக்குத்தி கழலாமல் தேங்காய் எண்ணெய் தேடி அலைந்தார். நதியா வட்டம் வட்டமாக நகர்ந்து போனாள். கேட்டில் நீலப் பாதுகாப்பு உடை போட்ட ஒருவர் நெற்றியில் கருவியைக் காட்டினார். பார்த்தார். ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். இருவர் வாயும் மாஸ்க்குக்குள் இருந்தது. அவர் கையை நீட்டி ஒரு பக்கம் காட்ட, அவள் அந்தப் பக்கமாக நடந்து கட்டடத்தின் மூலையில் மறைந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

துரத்தவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. எதிரே இருந்த பேக்கரியின் பூட்டிய ஷட்டர் நிழலில் உட்கார்ந்தேன். இரண்டு மணிக்கு மணி அடித்தது கேட்டது.

மூன்று பத்துக்கு ஒச்சாயியிடமிருந்து போன்.

"வந்துருச்சு பாப்பா. இருக்காம். ஆம்புலன்சு வந்துக்கிட்டிருக்காம்." குரலில் நடுக்கம் இல்லை, மூச்சுதான் வாங்கியது. "அவ சொன்னாளா?"

"கேட்டுல நின்னு பேசினாளுங்க்கா. தனியாத்தான் போகச் சொன்னாங்க."

"நீ பாத்தியா?"

"பார்த்தேன்."

"அப்பச் சரி" என்றார். போனை வைக்கவில்லை. பின்னால் சைரன் கேட்கும் வரைக்கும் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நதியா ஐந்தரைக்கு வெளியே வந்தாள். மாஸ்க்கின் மேல்பக்கம் ஈரமாக இருந்தது. நான் அவள் அம்மாவைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு கேட்டேன், "சொன்னியா?"

"சொன்னேனுங்க்கா."

"தனி ரூமா?"

"ஆமாங்."

அதன் பிறகுதான் ரிசல்ட்டைச் சொன்னேன். அவள் சாலை ஓரத்தில் குந்தி, குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

ஒச்சாயியே எல்லா விலாசத்தையும் சொல்லிவிட, அன்று இரவே எங்கள் இரண்டு வீட்டு வாசலிலும் தகரம் அடித்தார்கள். எங்கள் அம்மா முதல் மூன்று நாள் என்னோடு நேரடியாகப் பேசவில்லை. சுவரைப் பார்த்து, "சரக்கு வண்டியில எழவுக்குப் போனாளாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் நதியாவுக்கும் சோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. ஒச்சாயி பராமரிப்பு மையத்தில் ஒன்பது நாள் இருந்தார். நாலாம் நாள் ஆக்சிஜன் குறைந்து, அம்மா முதல் முறையாக என் பக்கம் திரும்பி, "ஏங் கண்ணு, அவளுக்கு எப்படி இருக்குது?" என்று கேட்ட நாளும் அதற்குள் வந்து போனது. பத்தாம் நாள் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். தகரத்தைப் பிரித்ததும் முதலில் ராமாத்தாளைப் பார்க்கப் போனார்.

நதியாவின் மதிப்பெண் பெரிய மதிப்பெண் இல்லை. அந்த வருடம்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள் ஒதுக்கீடு வந்தது. அதில் தெற்கே ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கம்பெனியில் தனபால் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். ஆனால் ஒச்சாயி சீட்டைப் பற்றி அதிகம் பேசியதில்லை. யார் வாழ்த்தினாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "சீட்டு கெடைக்கும், போகும். எம் பிள்ள கேட்டுல நின்னு, எங்கம்மாவுக்கு ரிசல்ட்டு நிக்கிதுன்னு சொல்லித் தனி ரூமுல உக்காந்து எழுதுச்சு." புதிதாக வரும் செக்கிங் பெண்களுக்கும் இதைத்தான் சொல்லுவாராம். வடக்கத்திப் பெண்களுக்கு யாராவது இந்தியில் மாற்றிச் சொல்ல வேண்டும். முடியும் வரை காத்திருந்து, அவர்கள் தலையாட்டுகிறார்களா என்று பார்ப்பாராம்.

அடுத்த வருடம் நான் மறுபடியும் கிளம்பிவிட்டேன். நாலு வருடம் எங்கெங்கோ இருந்துவிட்டுப் போன தீபாவளிக்குத்தான் திரும்பினேன். ஒச்சாயி அதே ஐந்தாம் வீட்டில், அதே மிஷினில். நதியா பயிற்சி டாக்டர். ஒச்சாயியைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றி, தெரிந்ததையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். தேர்வு நாளுக்கு வந்தபோது எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. உன் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி நதியாவிடம் வாட்ஸப்பில் கேட்டேன்: அந்தத் தனி அறை எப்படி இருந்தது, கூட யாராவது இருந்தார்களா, உன்னோடு எப்படிப் பேசினார்கள்?

படித்துவிட்டாள் என்று நீல டிக் காட்டியது. பதில் இல்லை. டியூட்டியில் இருப்பாள் என்று விட்டுவிட்டேன். ஐந்து வாரம் கழித்து, பிப்ரவரியில், ஒரு மத்தியானம் வந்தது:

"அக்கா, அந்த ரூம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க்கா. நான் அங்க போகல. கேட்டுல அவரு காய்ச்சல் இருக்கான்னு கேட்டாரு, இல்லைங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான் பேசினேன். எல்லாரும் போன ரூமுக்குத்தான் போனேன். என்னோட சேத்துப் பன்னெண்டு பேரு. முன்னால கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு, அது ரெண்டு தடவ தும்முச்சு. நீங்க எழுதறீங்கன்னு தெரிஞ்சப்பறம் என்னால முடியல. போன வாரம் ஊட்டுக்கு வந்து அம்மாகிட்டச் சொல்லிட்டேன். நீங்க அப்பத் தூங்கிட்டிருந்தீங்க. அம்மா திட்டல, அழுவல. மிச்சம் பதினோரு பேரோட பேரும் ஊரும் வேணும், ஒண்ணு விடாமத் திரும்பப் பாக்கணும்னு மட்டும் சொல்லுச்சு. இப்பத் தெனமும் ஷிப்டு முடிஞ்சதும் போன் பண்ணி எத்தனை பேரக் கண்டுபுடிச்சேன்னு கேக்குது. எனக்கு ஒருத்தர் பேருகூடத் தெரியாது. எங்கிருந்துங்க்கா ஆரம்பிக்கறது?"